உறைக்குள்ளும் வெட்டும்: கத்தி கேள்வி-பதில்

இந்தோனேசியாவின் ஜோக்ஜாவில் (யோக்யகர்த்தா) வாங்கிய பழைய கெரிஸ் குறுவாளில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். கெரிஸின் அழகே அலகில் ஓடும் பாமோர் கோடுகள்தான். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, மடித்து அடித்ததில் பிறந்தவை அவை. ஜாவாவில் எலுமிச்சைச் சாற்றோடு ஆர்செனிக் சேர்த்துப் பூசுவார்கள். சாதாரண இரும்பு கறுத்துவிடும், நிக்கல் அடுக்கு வெள்ளியாக மின்னும். அந்தக் கருமை மேல்தோலில்தான் இருக்கிறது; உப்புத்தாள் பட்டால் போயே போய்விடும். தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவுங்கள். ஒரு நாள் ஊறவிட்டு, பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். ஆர்செனிக் கொடிய நஞ்சு. அந்த வேலையை அதில் கைதேர்ந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

டுரியான் தோட்டத்துக்குப் பாராங் என்ற மலாய் வெட்டுக்கத்தியா, கடையில் விற்கும் மெஷட்டியா?

லாலாங் என்ற களைப்புல்லுக்கு மெஷட்டி போதும். தகடு மெல்லியது, நாள் முழுக்க வீசினாலும் தோள் வலிக்காது. கட்டை, கிளை என்றால் பாராங். முதுகு தடித்து, எடை நுனிப் பக்கம் சாய்ந்திருப்பதால் இறங்கும் வேகமே பாதி வேலையைச் செய்துவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தது கிடைத்தால் விடாதீர்கள். வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தட்டையாகச் சீவாமல், லேசாகப் புடைத்தாற்போல் தீட்டுங்கள். அப்போதுதான் கட்டையில் சிக்காது, வாயும் உடையாது.

பாராங்கின் பிடி லேசாக ஆடுகிறது. பரவாயில்லையா?

தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். பல வருஷங்களுக்கு முன், நான் ஓங்கி வீசிய பாராங்கின் அலகு பிடியை விட்டுக் கழன்று, பின்னால் நின்ற தம்பியின் பாதத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. இன்று வரை அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. பாரம்பரிய பாராங்கில் பெரும்பாலும் ஆணி இருக்காது. அலகின் வால் கூர்ந்து பிடிக்குள் போகும், பிசின்தான் அதைப் பிடித்து வைக்கும். வெயிலில் காரில் கிடந்தால் பிசின் இளகும். கழற்றி, பழைய பிசினைச் சுரண்டிவிட்டு, எப்பாக்ஸி ஊற்றி ஒரு நாள் அசையாமல் வையுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கேட்பதில்லை: மரத்தாலான உறை இரண்டு பாதிகளை ஒட்டியது. உருவும்போது வாய் இருக்கும் பக்கம் விரல்களைச் சுற்றிப் பிடித்தால், அலகு ஒட்டைப் பிளந்து விரலில் இறங்கும். முதுகுப் பக்கமாகவே பிடியுங்கள்.

மலேசியாவில் பாராங்கைக் காரில் வைத்திருக்கலாமா?

தோட்ட வேலைக்குப் போகும்போது மட்டும். பொது இடத்தில் தக்க காரணமின்றி வைத்திருந்தால் 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டம் பாயும். வேலை முடிந்ததும் துடைத்து, வீட்டில் வையுங்கள்.