ராத்திரி மூன்று மணிக்கு விழித்திருப்பவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: தூக்கம் வராத இரவுகளைப் பற்றி 20 நிமிட ஆவணப்படம் எடுக்கிறேன். குழு என்றால் நானும் ஒரு எடிட்டரும்தான். எந்த நாட்டில் இருப்பவரானாலும் தன் போனில் எடுத்து அனுப்பும் காட்சிகளை வைத்தே முழுப் படத்தையும் உருவாக்க ஆசை. இணையத்தில் அறிவிப்பு போட்டு இரண்டு வாரம் ஆகிறது. 'அருமையான முயற்சி' என்று முந்நூறு பேர் எழுதினார்கள். வந்த காட்சிகள் பதினொன்று. எங்கே தவறினேன்? படத்தின் முடிவை மக்கள் வாக்குக்கு விடலாமா? அனுப்புகிறவர்களுக்குப் பணம் தர வேண்டுமா?

பதில்: பதினொன்று என்று மனம் தளராதீர்கள். பாராட்ட ஒரு விரல் போதும். அனுப்ப வேண்டுமென்றால் எழுந்து உட்கார்ந்து, போனைத் தேடி, தலையைக் கோதிக்கொண்டு, தன் குரலைத் தானே கேட்டு வெட்கப்பட்டு, அப்புறமும் அனுப்ப வேண்டும். நூறு பேர் வேடிக்கை பார்த்தால் ஒருவரோ இருவரோ கைகொடுப்பார்கள் என்பது இந்த வேலையில் எங்களுக்குப் பழகிய கணக்கு. உங்களுக்குக் கிடைத்தது அதைவிட மேல்.

கோளாறு அறிவிப்பில்தான். 'உங்கள் தூக்கமில்லாத இரவைப் பற்றி எதுவும் அனுப்பலாம், நீளமும் வடிவமும் உங்கள் விருப்பம்' என்று எழுதியிருக்கிறீர்கள். தாராள மனசு. ஆனால் படிக்கிறவருக்கு அது கேள்வித்தாள் இல்லாமல் நீட்டிய விடைத்தாள். நல்லதாக ஏதாவது தோன்றட்டும் என்று மூடி வைப்பார். பிறகு திறக்கவே மாட்டார்.

எரிக் விட்டேக்கர் என்ற இசையமைப்பாளர் 2010-இல் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரை அவரவர் வீட்டிலிருந்தே ஒரே பாடலைச் சேர்ந்திசையாகப் பாட வைத்தார். அதற்காக அவர் முதலில் செய்த வேலையைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். எதிரே பாடகர் யாருமில்லை, சத்தமும் இல்லை. பாட்டை மனசுக்குள் ஓடவிட்டு, கேமரா முன் நின்று, கையசைத்து முழுப் பாடலையும் நடத்தினார். ஒவ்வொருவரும் அந்தக் கையைப் பார்த்துத் தன் குரலுக்குரிய வரியை மட்டும் பாடிப் பதிவேற்றினார்கள். வேகம், சுருதி, எங்கே நிறுத்துவது என்று எல்லாமே முன்கூட்டி முடிவாகியிருந்தது. பாடுபவருக்கு விடப்பட்டது குரல் மட்டும். கூட்டத்திடம் வாங்க வேண்டியதும் அதுதான்.

உங்கள் அறிவிப்பை நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

'இன்றிரவு தூக்கம் கலைந்தால் விளக்கைப் போடாதீர்கள். போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, அறையில் கண்ணுக்குத் தெரிகிற ஏதாவது ஒரு வெளிச்சத்தை 40 நொடி, கை ஆடாமல் எடுங்கள். எடுக்கும்போதே இப்போது மணி என்ன, சற்று முன் எதை நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று மெதுவாகச் சொல்லுங்கள். எந்த மொழியானாலும் சரி. முகம் வேண்டாம்.'

சார்ஜரின் பச்சைப் புள்ளி, கதவிடுக்கில் விழும் கோடு, தெருவிளக்கு திரைச்சீலையில் போடும் கட்டம். நூறு பேர் எடுத்தாலும் ஒன்றோடொன்று ஒட்டும், ஆனால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. இருட்டில் போன் எடுக்கும் படம் புள்ளி புள்ளியாக இருக்குமே என்று எடிட்டர் முனகுவார். எல்லாமே அப்படி இருந்தால் அதுவே படத்தின் தோற்றமாகிவிடும். முகம் வேண்டாம் என்றதும் கூச்சம் பாதி போய்விடும், சட்டச் சிக்கலும் குறையும்.

2010 ஜூலை 24 என்ற ஒரே நாளில் உலகெங்கும் மக்கள் எடுத்த காட்சிகளைக் கொண்டு கெவின் மெக்டொனால்ட் ஓர் ஆவணப்படம் இயக்கினார். அனுப்புகிறவர்களிடம் சில கேள்விகளும் கேட்டார்கள். எது உங்களுக்கு மிகவும் பிடிக்கும், எதற்குப் பயப்படுவீர்கள் என்பவற்றோடு, உங்கள் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்றும் ஒரு கேள்வி. எனக்கு மிகவும் பிடித்தது இந்த மூன்றாவதுதான். பயத்தைப் பற்றிப் பேச யோசிக்கிறவர்கூட பாக்கெட்டில் கைவிட்டு எடுத்துக் காட்டிவிடுவார்.

வந்து குவிந்தது சுமார் 80,000 கிளிப், 192 நாடுகளிலிருந்து 4,500 மணி நேரம். படமோ ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வகுத்துப் பாருங்கள்: 3,000 நிமிடத்தில் ஒரு நிமிடம் தேறியிருக்கிறது. பார்த்துக் குறிப்பெழுதித் தரம் பிரிக்கவே அவர்களிடம் பல மொழி தெரிந்த தனிக் குழு இருந்தது. நீங்கள் இரண்டே பேர். ஆகவே கடைசித் தேதி வையுங்கள், நீளத்துக்கு உச்சவரம்பு வையுங்கள், பதிவேற்றப் படிவம் ஒன்று போதும். மெசேஜ் செயலியில் வாங்காதீர்கள்; வழியில் சுருங்கித் தரம் போய்விடும். முதல் நாளிலிருந்தே ஓர் அட்டவணை: கோப்பின் பெயர், அனுப்பியவர், மொழி, என்ன வெளிச்சம், என்ன சொன்னார், அனுமதி உண்டா. பல போன்கள் ஃப்ரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, சீராக வைத்து எடுப்பதில்லை என்பதால் எடிட்டிங் டைம்லைனில் போட்டதும் குரல் காட்சியோடு பொருந்தாமல் நழுவும். எல்லாவற்றையும் முதலில் ஒரே நிலையான ஃப்ரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட் தொடங்கச் சொல்லுங்கள்.

முடிவை வாக்குக்கு விடலாமா? வேண்டாம். 2016-இல் பிரிட்டனில் துருவ ஆய்வுக் கப்பலுக்குப் பெயர் கேட்டு இணைய வாக்கெடுப்பு நடத்தினார்கள். 'போட்டி மெக்போட்ஃபேஸ்' (Boaty McBoatface, 'படகுமூஞ்சிப் படகு' என்பதுபோல) என்ற கேலிப் பெயர் 1,24,109 வாக்குகளோடு முதலிடம் பிடித்தது. கப்பலுக்குக் கடைசியில் இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்தார்கள். கேலிப் பெயர் உள்ளே இருந்த சிறு நீர்மூழ்கிக்குப் போனது. 2007-இல் ஒரு பதிப்பகம் யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய விக்கி நாவல் ஒன்றைத் தொடங்கியது. கதைக்குள் ஒருவர் வாழைப்பழமாகப் புகுத்திக்கொண்டே போனதுதான் இன்றும் பேசப்படுகிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொறுப்பில்லாத இடத்தில் அதிகாரம் கிடைத்தால் யாருக்கும் குறும்பு வரும்.

ஆனால் கூட்டத்திடம் யோசனையே கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. 'எது நல்ல முடிவு' என்று கேட்டால் முடிவுதான் வரும், அதுவும் எங்கேயோ பார்த்த முடிவு. 'தூக்கம் வர என்னவெல்லாம் செய்து பார்த்தீர்கள்' என்று கேளுங்கள். நீங்களும் எடிட்டரும் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் தோன்றாத காட்சிகள் வரும். சப்டைட்டிலும் அப்படித்தான். உங்களுக்குத் தெரியாத மொழியில் பேசியவர் சொன்னதை ஒருவர் மொழிபெயர்க்க, இன்னொருவர் சரிபார்க்கலாம். இரண்டாவது ஆள் இல்லாமல் திரையில் ஏற்றாதீர்கள்.

இனி அனுமதி. நான் கையைச் சுட்டுக்கொண்ட இடம் இது. என் முதல் கூட்டுப் படத்தில் ஒருவர் அனுப்பிய கிளிப்பில் அவருடைய அம்மா பின்னணியில் அழுகிறார். பிள்ளை சம்மதித்தார், அம்மாவை யாரும் கேட்கவில்லை. எடிட் முடிந்தபின் அம்மா மறுத்தார், நியாயம்தான். படத்தின் நடுப்பகுதியை மறுபடி கட்ட எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. ஒருவர் எடுத்த காட்சியின் பதிப்புரிமை பொதுவாக எடுத்தவருக்கே சொந்தம். உங்களுக்கு அனுப்பியதால் அது கைமாறாது. அதனால் படிவத்திலேயே, பதிவேற்றும் பொத்தானுக்கு மேலே, எளிய சொற்களில் எழுதிவிடுங்கள்: இந்தப் படத்திலும் அதன் விளம்பரத்திலும் பயன்படுத்துவோம், வெட்டுவோம், விழாவுக்கும் இணையத்துக்கும் அனுப்புவோம், உரிமை உங்களுடையதே. இந்தத் தேதிவரை திரும்பப் பெறலாம் என்றும் சேருங்கள். பின்னணியில் பாட்டு ஓடக் கூடாது. அது மூன்றாம் ஆளின் சொத்து. பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று விடுவது எவ்வளவு பாடு என்பதற்கு, உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப் சாட்சி. 2012-இல் உரிமத்தை மாற்றியபோது, பங்களித்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். சம்மதம் கிடைக்காதவர்கள் வரைந்ததை வரைபடத்திலிருந்து நீக்க வேண்டி வந்தது.

பணத்தைப் பொறுத்தவரை, உங்களுக்கே வரவில்லை என்றால் தர வேண்டியதில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வரப்போகிறது என்றால் பங்கு எவ்வளவு என்று முன்பே எழுதுங்கள். இடைநிலையில்தான் வம்பு. அமாண்டா பாமர் என்ற பாடகி 2012-இல் ரசிகர்களிடமிருந்து கிட்டத்தட்ட 12 லட்சம் டாலர் திரட்டிவிட்டு, மேடையில் சம்பளமில்லாமல் வாசிக்க இசைக்கலைஞர்களை அழைத்தார். எழுந்த எதிர்ப்பில், கொடுக்கிறேன் என்று இறங்கிவர வேண்டியதாயிற்று. பணமே திரட்டாமல் கூப்பிட்டிருந்தால் பலர் சந்தோஷமாகவே போயிருப்பார்கள் என்பது என் கணிப்பு. படத்தின் பெயர்ப் பட்டியலில் மட்டும் யாரையும் விட்டுவிடாதீர்கள். காட்சி படத்தில் இடம்பெறாதவர்களுக்கும் ஒரு கடிதம் போகட்டும். ராத்திரியில் உங்களுக்காகப் போனைத் தூக்கிப் பிடித்தவர்கள் அவர்கள்.

இப்போதைக்கு, அந்தப் பதினொரு பேருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். புதிய அறிவிப்பைக் காட்டி, இதன்படி ஒன்று எடுத்துத் தர முடியுமா என்று கேளுங்கள். எந்த வரியில் குழம்புகிறார்கள் என்று பார்த்து அந்த வரியைத் திருத்துங்கள். பொதுவில் போடும்போது பகலில் போடாதீர்கள். அந்தந்த நாட்டில் நள்ளிரவு தாண்டியபின் போடுங்கள். உங்களுக்கு வேண்டியவர்கள் அப்போது போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.