"உங்க கிளாஸ்ல ஜியான் யாருப்பா?"

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 44 வயது. எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் என்னுடன் படித்த ஒருவனால் நான் பட்ட பாடு இன்னும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் எங்கள் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவனைச் சேர்த்தார்கள். "வா மாப்ளே" என்று ஆளாளுக்கு வரவேற்பு. அடுத்த மாதம் எல்லோரும் ஒன்றுகூடப் போகிறார்கள்.

அவன் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பைக்குள் ஒளித்து எடுத்துப்போன என் ஸ்பைடர்மேன் புத்தகத்தை என் கையாலேயே கிழிக்க வைத்தான். ஒரு பக்கம் கிழித்ததும் "அடுத்தது" என்பான். கடைசி பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. வாசல்வரை வந்த வாத்தியார் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வீட்டில் சொன்னால், "நீ ஏன் அவன்கிட்ட போற?" என்றார் அம்மா. எனக்காக ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை.

காமிக்ஸில் ஒரு நாள் வரும். ஒல்லிப் பையன் திருப்பி அடிப்பான், எல்லோரும் வாயைப் பிளப்பார்கள். எனக்கு அந்த நாள் வரவே இல்லை. ஒன்பதாவதில் புதிதாக ஒரு பையன் சேர்ந்த பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. அவனுடைய ஒற்றைச் செருப்பை, இடது காலுடையதை, ஜன்னல் வழியாக எறிந்தது நான்தான், எறியச் சொன்னது இவன், சரி அது இருக்கட்டும். அந்தப் பையன் குழுவில் இல்லை, யாரிடமும் அவன் நம்பரும் இல்லை.

என் 9 வயது மகளுக்கு டோரேமான் காமிக்ஸ் என்றால் உயிர். ராத்திரியில் சேர்ந்து படிப்போம். அதில் நோபிதா என்ற பையனை எப்போதும் சீண்டி அடிக்கிற முரடன்தான் ஜியான். போன வாரம், "உங்க கிளாஸ்ல ஜியான் யாருப்பா?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியாமல் எழுந்து போய்விட்டேன். அந்தளவுக்கு அவன் என்னைப் பாதித்திருக்கிறான்.

எல்லோரும் கூடும் நாளில் அவனை நடுவில் நிறுத்திக் கேட்டுவிட நினைக்கிறேன். மனைவி வேண்டாம் என்கிறாள். ஒருத்தர்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நான் கேட்கலாமா, கூடாதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

தன் புத்தகத்தைத் தானே கிழிக்கும்படி ஒரு பிள்ளையை நிற்க வைத்தது கொடுமைதான். சின்ன வயசு விளையாட்டு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். திரும்பிப் போன அந்த வாத்தியார் மேல் எனக்கும் கோபம் வருகிறது.

ஆனால் நான் மறுபடி மறுபடி படித்தது "அது இருக்கட்டும்" என்று நீங்கள் தாண்டிப் போன இடத்தைத்தான். 30 வருடத்துக்கு அப்புறமும் அது இடது கால் செருப்பு என்பது உங்களுக்கு நினைவிருக்கிறது. மனசு விட்டுவிட்ட விஷயம் என்றால் எந்தக் கால் என்பது எப்போதோ மறந்துபோயிருக்கும்.

மகள் கேட்டதற்கு வருகிறேன். ஜியான் யார் என்பதற்கு உங்களிடம் இத்தனை வருடமாகப் பதில் தயாராக இருக்கிறது. எனக்கே முதல் பத்தியில் சொல்லிவிட்டீர்கள். அப்படியிருக்க ஏன் எழுந்து போனீர்கள்? அவள் அடுத்து "அப்போ நீங்க யாருப்பா?" என்று கேட்டிருப்பாள். நோபிதா என்று சொல்ல நாக்கு வரவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கதைகளில் ஜியான் பக்கத்திலேயே சுனியோ நிற்பான். அவனும் ஜியானிடம் அடி வாங்குகிறவன்தான், ஆசையாக வைத்திருக்கும் பொம்மையைப் பறிகொடுக்கிறவன்தான். ஆனாலும் நோபிதா சிக்கும்போது சேர்ந்து சிரிப்பான். 1996-ல் பின்லாந்தின் கிறிஸ்டினா சால்மிவல்லியும் அவர் குழுவும் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து, இந்தச் சீண்டலில் ஆறு வேடங்கள் இருக்கின்றன என்றார்கள்: சீண்டுகிறவர், சிக்குகிறவர், கூடச் சேர்ந்து கைகொடுக்கிறவர், சிரித்து ஏற்றிவிடுகிறவர், ஒதுங்கிப் போகிறவர், தடுக்கிறவர். நீங்கள் அதில் ஒன்றுக்கு மேல் கட்டியிருக்கிறீர்கள், தம்பி. அடிபட்ட பிள்ளை தன் முறை தள்ளிப்போகட்டும் என்று அடுத்தவனைக் காட்டிக்கொடுப்பது அபூர்வமே இல்லை. 14 வயசுப் பயத்தில் செய்தீர்கள். அது எனக்குப் புரிகிறது.

ஆனால் "ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை" என்று இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பையனும் எங்கேயோ உட்கார்ந்து இதையே சொல்லிக்கொண்டிருக்கலாம். அவன் சொல்லும் அந்த "ஒருத்தர்கூட"வில் நீங்களும் அடக்கம். கசக்கும், தெரிந்துதான் எழுதுகிறேன்.

காமிக்ஸில் வரும் அந்த ஒரு நாளை நம்பித்தான் சந்திப்புக்குப் போக நினைக்கிறீர்கள். நீங்கள் கிழித்த புத்தகத்தின் நாயகனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் வந்த முதல் கதையிலிருந்தே பீட்டர் பார்க்கரைக் கேலி செய்கிறவன் ஃப்ளாஷ் தாம்சன். 1964-ல் வந்த ஒரு கதையில் வகுப்பே பார்க்க அவனைக் குத்துச்சண்டையில் பீட்டர் வீழ்த்துகிறான். அதற்கப்புறமும் கேலி ஓயவில்லை. அவர்கள் நண்பர்களானது ரொம்பப் பின்னால்.

நோபிதாவும் ஒரு தடவை நிஜமாகவே எதிர்த்து நின்றான். 1974-ல் வந்த கதை அது. எதிர்காலத்திலிருந்து வந்து தனக்கு உதவிய ரோபோ பூனை டோரேமான் திரும்பிப் போக வேண்டிய நேரம். அது தன்னை நினைத்துக் கவலைப்படாமல் போகட்டும் என்று, அது தரும் எந்தக் கருவியும் இல்லாமல் நோபிதா ஜியானோடு மோதுகிறான். விழ விழ எழுந்து வந்து விடாமல் பிடித்துக்கொள்கிறான், கடைசியில் ஜியானே தோற்றேன் என்று விட்டுப் போகிறான். நடுராத்திரி, கைதட்ட வகுப்புத் தோழர்கள் யாரும் இல்லை. அடுத்தடுத்த கதைகளில் ஜியான் பழையபடி அடிக்கத்தான் செய்கிறான். எனக்கு அந்தக் கதை பிடிக்கும், ஏனென்றால் நோபிதா அன்றைக்கு நின்றது இன்னொருவரின் நிம்மதிக்காக.

சந்திப்புக்குப் போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். போனால் அவனைத் தனியாகப் பார்த்து அந்தப் புத்தகத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. நடுவில் நிறுத்திக் கேட்க வேண்டாம். அன்று சிரித்த அதே பெஞ்சுக்கு இன்னொரு வேடிக்கையாகத்தான் போகும்.

அந்த இன்னொரு பையனைத் தேடுங்கள். கிடைத்தால், "உன் செருப்பை எறிந்தது நான்தான், அது தப்பு" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். எறியச் சொன்னது யார் என்று சேர்க்க வேண்டாம். மன்னிப்பை எதிர்பார்க்கவும் வேண்டாம். அவர் பதில் போடாமலே இருக்கலாம், அது அவர் இஷ்டம்.

அதற்கு முன்னால் இன்று ராத்திரி மகளோடு புத்தகத்தை எடுத்து உட்காருங்கள். ஜியான் யாரென்று சொல்லுங்கள், உங்கள் புத்தகம் போன கதையையும் சொல்லுங்கள். அப்புறம் அவள் கேட்பதற்கு முன்பே செருப்பைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். அந்தப் பையன் ஒற்றைச் செருப்போடு எப்படி வீட்டுக்குப் போனான் என்று அவள் நிச்சயம் கேட்பாள்.

— ஆலோசகர்