சளியை மறைக்காதீர்கள், பிள்ளையிடமும் மறைக்காதீர்கள்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே ஓட்டை இருக்கிறது. நெஞ்சைத் திறக்காமல், தொடை வழியாக டிவைஸ் வைத்து மூடிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரம் தேதி. இரண்டு நாளாக மூக்கு ஒழுகுகிறது. சொன்னால் தேதி தள்ளிப்போகுமோ என்று பயம். அவளிடமும் இன்னும் எதுவும் சொல்லவில்லை. 'பாட்டி வீட்டுக்குப் போகிறோம்' என்று கூட்டிப் போகலாமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்.

பதில்: சளி இருப்பதை இன்றே மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். சிறு குழந்தைகளுக்கு இதை முழு மயக்கத்தில்தான் செய்வார்கள். சளி பிடித்திருக்கும்போது மயக்கம் கொடுத்தால் மூச்சுக்குழாய் சட்டென்று சுருங்கிக்கொள்ளலாம், ஆக்சிஜன் குறையலாம். வெறும் மூக்கொழுகல் என்றால் மயக்க மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். காய்ச்சல், நெஞ்சுச்சளி, இளைப்பு இருந்தால் பெரும்பாலும் சில வாரம் தள்ளிவைப்பார்கள். உங்கள் மகளுக்கு இருப்பது நாள் குறித்து நிதானமாக மூடுகிற வகை ஓட்டை. சில வாரத் தாமதத்தால் இதயத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது.

அன்று என்ன நடக்கும்? தொடை இடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயம்வரை கொண்டுபோவார்கள். அதற்குள் மடங்கியிருக்கும் டிவைஸ், நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பி வலை. வெளியே வந்ததும் இரண்டு தட்டுகளாக விரிந்து, ஓட்டையின் இரு பக்கமும் கவ்விக்கொள்ளும். எக்கோவில் பார்த்து, உறுதியாக உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், அதைக் குழாய் வழியாகத் தள்ளிவந்த கம்பியிலிருந்து கழற்றிவிடுவார்கள். ஓட்டையின் விளிம்பு போதவில்லை என்றால் அதுவரை திரும்ப எடுத்துவிட முடியும். அப்படி எடுத்துவிட்டு, 'அறுவை சிகிச்சைதான் சரி' என்று டாக்டர் வெளியே வந்து சொன்னால் இடிந்துபோகாதீர்கள். பிடிப்பில்லாத இடத்தில் டிவைஸை விட்டுவராததுதான் நல்ல வைத்தியம்.

பட்டினி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பால், பிஸ்கட், இட்லி எதுவானாலும் மயக்கத்துக்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர் பொதுவாக 2 மணி நேரம் முன்புவரை தரலாம். உங்கள் மருத்துவமனை சொல்லும் நேரத்தையே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. 'பிள்ளை அழுதது, ஒரு வாய் பால்தானே' என்று பாட்டி கொடுத்ததால் அன்றைய சிகிச்சையே நின்றுபோவதுண்டு. வீட்டில் எல்லோருக்கும் முந்தின இரவே காரணத்தோடு சொல்லிவையுங்கள்.

இனி, அவளிடம் சொல்லலாமா என்பது. கட்டாயம் சொல்லுங்கள். பாட்டி வீடு என்று கூட்டிப்போய் மருத்துவமனை வாசலில் இறக்கினால், அடுத்த முறை நீங்கள் எங்கே கூப்பிட்டாலும் அவளுக்குச் சந்தேகம் வரும். பரிசோதனைக்கு இன்னும் பல வருடம் வர வேண்டிய பிள்ளை. ஒரு வாரம் முன்பே சொன்னால் அத்தனை நாளும் பயந்துகொண்டிருப்பாள். 4 வயதுக்கு, ஒன்றிரண்டு நாள் முன்பு போதும். 'உன் இதயத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கு. நீ தூங்கும்போது டாக்டர் அதை மூடிடுவாங்க. முழிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்.' கண் விழிக்கும் அறைக்குள் உங்களை விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லுங்கள். ஊசியே போடமாட்டார்கள் என்று சொல்லாதீர்கள். 'சுருக்குன்னு இருக்கும், என் கையைப் பிடிச்சுக்கோ' என்பது உண்மை, அதுவே தைரியம் தரும். இந்த வயதில் தான் சேட்டை செய்ததால்தான் இப்படி ஆனது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வதுண்டு. அப்படி இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

முடிந்ததும் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அப்போது போனில் கார்ட்டூன் காட்டுங்கள், தப்பே இல்லை. எல்லாம் சரியாக இருந்தால் பெரும்பாலும் மறுநாளே வீடு. டிவைஸ் மேல் இரத்தம் உறையாமல் இருக்க, பொதுவாக 6 மாதம் ஆஸ்பிரின் தருவார்கள். அந்த நாட்களில் அம்மை போட்டாலோ ஃப்ளூ வந்தாலோ உடனே டாக்டரைக் கேளுங்கள். ஆஸ்பிரினோடு அவை சேர்ந்தால் ஈரலையும் மூளையையும் தாக்கும் அரிய நோய் வரக்கூடும். சொத்தைப் பல் இருந்தால் டிவைஸ் வைப்பதற்கு முன்பே காட்டிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தொடையில் இரத்தம் கசிந்தால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கால் சில்லிட்டாலோ, நெஞ்சு வலி, படபடப்பு, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தாலோ காலைவரை காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.