கணினி கேள்வி பதில்: ரிமோட் சாஃப்ட்வேர் போட்டதும் விண்டோஸ் எழவில்லை

கேள்வி: வீட்டிலிருந்தே ஆபீஸ் கணினியை இயக்க ஒரு ரிமோட் கன்ட்ரோல் சாஃப்ட்வேர் போட்டேன். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னது, செய்தேன். அதிலிருந்து விண்டோஸ் 11 லோகோ வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் கறுப்புத் திரையில் மவுஸ் அம்பு மட்டும். பார்மட் செய்வதைத் தவிர வழியில்லையா?

பதில்: பார்மட் பேச்சே வேண்டாம். இந்த வகை சாஃப்ட்வேர் மற்றவை போல டெஸ்க்டாப்பில் ஓர் ஐகானாக மட்டும் வந்து உட்காருவதில்லை. நீங்கள் பாஸ்வேர்டு போடும் முன்பே ஓடத் தொடங்கும் ஒரு சர்வீசை (பின்னணியில் ஓடும் நிரலை)ச் சேர்க்கிறது. பல சாஃப்ட்வேர்கள் கூடவே ஒரு டிஸ்ப்ளே டிரைவரையும் (திரையில் படம் காட்ட உதவும் நிரலையும்) சேர்க்கின்றன. உங்களிடம் உள்ள கிராபிக்ஸ் டிரைவரோடு அது ஒத்துப்போகாவிட்டால் திரை கறுப்பாகிவிடும்.

முதலில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் விண்டோஸ் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வேறெங்கோ போகிறது. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (ஆங்கில இரண்டாம் எழுத்து) நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் விண்டோஸ் விசையோடு ‘பிரிண்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை (P) அழுத்தி, கீழ் அம்பு, என்டர். புதிய சாஃப்ட்வேர் உருவாக்கிய பொய் மானிட்டரை விண்டோஸ் முதன்மைத் திரையாக எடுத்துக்கொண்டிருந்தால் இதிலேயே படம் திரும்பிவிடும்.

இரண்டும் பலிக்கவில்லையா? சேஃப் மோடுதான், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸைத் தொடங்கும் முறை. லோகோ தெரிந்ததும் பவர் பட்டனைச் சுமார் 10 விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள்; இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பழுதுநீக்கும் திரை தானாக வரும். அதில் டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்துங்கள். நடுவில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். பல கணினிகளில் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும், போனிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போவதுண்டு, எனவே கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும்.

உள்ளே போனதும் சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, அந்த சாஃப்ட்வேரின் பெயரில் உள்ளதை இருமுறை கிளிக் செய்து, ஸ்டார்ட்டப் டைப்பை டிஸேபிள்டு ஆக்குங்கள். அடுத்து டிவைஸ் மேனேஜர். வியூ மெனுவில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டச் சொல்லிவிட்டு, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் பகுதியைப் பாருங்கள். அதே பெயரிலோ, ‘விர்ச்சுவல்’, ‘மிர்ரர்’ என்றோ ஏதாவது இருந்தால் அன்இன்ஸ்டால் கொடுங்கள். அப்போது டிரைவரையும் நீக்கவா என்று ஒரு டிக் பெட்டி வரும். அதை டிக் செய்யாவிட்டால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே டிரைவர் மறுபடி ஏறிக்கொள்ளலாம். உங்கள் சொந்த கிராபிக்ஸ் அடாப்டரில் கை வைக்க வேண்டாம்.

பெயர் பிடிபடவில்லை என்றால், கணினியில் நடப்பவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 7045 என்ற எண்ணைத் தேடுங்கள். புதிதாக ஒரு சர்வீஸ் சேரும்போது பெயரும் ஃபைல் இருக்கும் இடமும் நேரத்தோடு அங்கே பதிவாகின்றன. சாஃப்ட்வேர் போட்ட நேரத்தோடு ஒப்பிட்டால் ஆள் சிக்கிவிடுவார்.

விண்டோஸை முந்தைய நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் இதைவிடச் சுலபம், உங்கள் ஃபைல்களும் பத்திரம். ஆனால் சிஸ்டம் புரொடெக்‌ஷன் முன்பே ஆன் ஆகியிருந்தால்தான் பின்னால் போக ஒரு ரீஸ்டோர் பாயின்ட் கிடைக்கும்.

கேள்வி: சேஃப் மோடில் அன்இன்ஸ்டால் செய்தால் ‘விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீசை அணுக முடியவில்லை’ என்கிறது.

பதில்: சேஃப் மோடில் அந்த சர்வீஸ் வழக்கமாக ஓடாது, அவ்வளவுதான். மேலே சொன்னபடி சர்வீசையும் டிரைவரையும் முடக்கிவிட்டு, சாதாரணமாக பூட் செய்து அங்கே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் அமைப்புக் கருவியில் ‘சேஃப் பூட்’ டிக் செய்து சேஃப் மோடுக்கு வந்தவர்கள், அந்த டிக்கை எடுக்கும்வரை சேஃப் மோடிலேயே சுற்றுவார்கள்.

கேள்வி: எனக்கு நீலத் திரை. படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிறது.

பதில்: ஸ்டார்ட்டப் செட்டிங்ஸில் 4-க்குப் பதில் 9. தானாக ரீஸ்டார்ட் ஆவது நிற்கும், திரையை நிதானமாகப் படிக்கலாம். எந்த ஃபைலால் கோளாறு என்று சில நேரம் பெயரோடு காட்டும். அது ரிமோட் சாஃப்ட்வேரின் டிரைவர்தானா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: ஷட்டவுன் செய்து ஆன் செய்தால் கறுப்புத் திரை. ரீஸ்டார்ட் செய்தால் ஒழுங்காக வருகிறது. இது என்ன விசித்திரம்?

பதில்: விசித்திரம் இல்லை, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். அது இயங்கும் கணினியில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் அல்ல. டிரைவர்களின் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்கிறது. ரீஸ்டார்ட்டில்தான் எல்லாம் முதலிலிருந்து ஏறும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் செட்டிங்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். பூட் ஆகச் சில விநாடி கூடும், பரவாயில்லை.

கேள்வி: பேங்கிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவர்தான் இந்த சாஃப்ட்வேரைப் போடச் சொன்னார். இப்போது கணினி பூட் ஆகவில்லை.

பதில்: பூட் ஆகாதது ஒருவகையில் நல்லது. ரவுட்டரை அணையுங்கள், நெட் கேபிள் இருந்தால் பிடுங்குங்கள். வேறொரு சாதனத்திலிருந்து ஈமெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை மாற்றி, பேங்குக்கு அவர்களது அதிகாரபூர்வ எண்ணில் பேசுங்கள். நெட்வொர்க்குடன் கூடிய சேஃப் மோடு (5) பக்கமே போகாதீர்கள். முக்கிய ஃபைல்களை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். முதல் பதிலில் வேண்டாம் என்ற பார்மட், உங்களுக்கு மட்டும் வேண்டும்.