ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ செல்பவர் என்னென்ன உடைகள் எடுத்துச் செல்ல வேண்டும்?

கலிபோர்னியா வெயிலுக்குப் பருத்திச் சட்டைகள் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள், போதாது. சான் பிரான்சிஸ்கோவில் ஜூலை மாதப் பகலின் உச்ச வெப்பநிலையே சராசரியாக 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வெயிலால் காற்று சூடாகி மேலெழும்போது, குளிர்ந்த பசிபிக் நீரின்மேல் திரண்டிருக்கும் மூடுபனி அந்த இடத்தை நிரப்ப விரைந்து, கோல்டன் கேட் நீரிணை வழியாக நகருக்குள் புகுந்துவிடுகிறது. குன்றுகளின் மறைவிலுள்ள மிஷன் பகுதியில் நண்பகலில் அரைக்கைச் சட்டையோடு நடப்பவர், சில கிலோமீட்டர் மேற்கே ஓஷன் பீச்சில் இறங்கியதும் நடுங்குவார்.

ஆகவே, கழற்றி மாட்ட வசதியாக உள்ளே மெல்லிய பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காக அணிவதே சரி. கனத்த பனிக்கோட்டு வீண் சுமை. கோல்டன் கேட் பாலத்தின்மேல் நடக்கும்போது தொப்பி பறந்துவிடும் என்பதால், கயிற்றை இழுத்துக் கட்டும் தலைமூடியுள்ள ஜாக்கெட்டாக இருப்பது நல்லது. மூக்குக்கண்ணாடியில் ஈரம் படியும், துடைக்க ஒரு துணியும் வேண்டும். தங்கள் தாயாரும் உடன்வந்து, புடவைதான் உடுத்துவார் என்றால் கூடுதலாகச் சில ஊக்குகளும், கணுக்கால்வரை காலுறையும் அவசியம். கோடையில் அங்கு மழை அநேகமாகப் பெய்யாது, ஆதலால் குடையை வீட்டிலேயே விட்டுவிடலாம். பயணத்தைத் தள்ளிப்போட முடியுமானால், செப்டம்பர், அக்டோபரில் ஜூலையைவிட வெதுவெதுப்பாகவே இருக்கும்.