உங்கள் பணம் யார் கைக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

சேமிப்பு, முதலீடு தொடர்பாகத் திருகோணமலை மாவட்டத்திலிருந்தும், அங்கிருந்து புலம்பெயர்ந்தவர்களிடமிருந்தும் வந்த கடிதங்களில், “நியாயமான இடம் எது?” என்று கேட்டவற்றுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம். வாசகர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. பணிக்கொடையில் ஒரு பகுதியை நிலையான வைப்பில் இட நினைக்கிறேன். ஒரு நிதிக் கம்பனி, வங்கியைவிட இரண்டு வீதம் கூடுதலாகத் தருவதாகச் சொல்கிறது. அயலில் உள்ள பெண்கள் கிழமைக் கடனால் படும் பாட்டைப் பார்க்கும் எனக்கு, அந்தக் கூடுதல் வட்டி எங்கிருந்து வருகிறது என்று சந்தேகமாக இருக்கிறது. (உவர்மலை வாசகி)

பதில்: அம்மா, உங்கள் சந்தேகம் நியாயமானது. வைப்பாளருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் நிறுவனம், கடன் வாங்குபவரிடம் அதைவிடக் கூடுதலாக அறவிட்டே தீர வேண்டும். நிதிக் கம்பனிகள் பெரும்பாலும் லீசிங், நகைக் கடன், நுண்கடன் (நீங்கள் சொல்லும் கிழமைக் கடன் இதில்தான் அடங்கும்) ஆகிய மூன்றிலுமே பணத்தை ஈடுபடுத்துகின்றன. எந்தக் கம்பனி எதில் எவ்வளவு ஈடுபட்டிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

கிழமைக் கடன் எப்படி அறவிடப்படுகிறது என்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். ஒரு குழுவில் உள்ள பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை நிற்கிறார்கள். ஒருத்தியின் தவணை குறைந்தால் மற்றவர்கள் போட்டு நிரப்ப வேண்டும். நிரம்பும்வரை கம்பனி உத்தியோகத்தர் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மோட்டார் சைக்கிள் படலையடியில் நிற்பதை ஒழுங்கை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். எழுத்தில் உள்ள ஒப்பந்தத்தைவிட அந்த வெட்கமே தவணையைக் கட்டவைக்கிறது. நிலைமை எந்த அளவுக்குப் போனதென்றால், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்றிருந்த 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அடைக்க 2018இல் அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அதே ஆண்டு இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணரும் தமது அறிக்கையில் இந்தக் கடன்களைக் கடுமையாக விமர்சித்தார்.

ஆகவே, பணத்தை இடுவதற்கு முன் அந்தக் கம்பனியின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். முன்பக்கங்களில் மரம் நடும் படங்களும் பாடசாலைப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கும் படங்களும் இருக்கும். அவற்றைப் புரட்டிவிட்டு, நிதிக்கூற்றுகளின் பின்னால் உள்ள குறிப்புகளில் கடன்களை வகைப்படுத்திக் காட்டும் பகுதிக்குப் போங்கள். நுண்கடனின் பங்கு எவ்வளவு என்பது அங்கே தெரியும். பிறகு கிளை முகாமையாளரிடம், “தவணை தவறியவரிடம் நீங்கள் எப்படி அறவிடுகிறீர்கள்?” என்று நேரடியாகக் கேளுங்கள். அதற்கு நேரான பதில் தராத இடத்தில் உங்கள் பணத்துக்கு வேலை இல்லை.

தேசிய சேமிப்பு வங்கி பலருக்கும் மனதில் வரும் முதல் இடம். 1971ஆம் ஆண்டின் சட்டப்படி அதன் வைப்புகளுக்கு அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் உண்டு. வைப்புகளில் குறைந்தது 60 வீதத்தை அது அரச பிணையங்களில் இட வேண்டும். அதாவது நீங்கள் பெருமளவில் அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கிறீர்கள். அரசாங்கம் அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியும் கட்டும், பாதுகாப்புச் செலவும் செய்யும். இந்த மாவட்டத்தில் வாழ்ந்த ஒருவருக்கு அதில் மனத்தடை இருந்தால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வட்டியின் பெரும்பகுதி முற்றத்தில் கதிரை போட்டு அறவிடும் பணத்திலிருந்து வராது.

என் சொந்த விருப்பம் சிக்கன கடனுதவுக் கூட்டுறவுச் சங்கங்கள் பக்கமே சாய்கிறது. இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு 1911இலேயே சட்டம் வந்துவிட்டது. ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதால், ஆயிரம் ரூபாய் போட்டவரும் பத்து இலட்சம் போட்டவரும் பொதுக்கூட்டத்தில் சமம். கடன் வாங்குபவரும் உறுப்பினர் என்பதால், அவர் யார், எதற்கு வாங்குகிறார் என்பது ஊருக்குத் தெரியும். இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இச்சங்கங்களை மத்திய வங்கி மேற்பார்வை செய்வதில்லை. கூட்டுறவுத் திணைக்களமே செய்கிறது. நிறுவனம் முறிந்தால் வைப்பாளருக்கு ஓர் எல்லை வரை பணம் கிடைக்கச் செய்யும் வைப்புக் காப்புறுதியும் இவற்றுக்குக் கிடையாது. தலைவரும் பொருளாளரும் ஆண்டுக்கணக்கில் மாறாமல், கணக்காய்வு அறிக்கையும் பிந்திக்கொண்டே போகும் சங்கமாக இருந்தால் அங்கே போடாதீர்கள். பொதுக்கூட்டத்துக்குப் போய் இருந்து கேள்வி கேட்க உங்களுக்கு மனமும் நேரமும் இருந்தால் மட்டும், இழந்தாலும் சமாளிக்கக்கூடிய ஒரு தொகையை அங்கே வையுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கூட்டத்தில் எழுந்து கணக்குக் கேட்டால் நிர்வாகம் சற்று விழிப்பாகவே இருக்கும்.

மீதியை உரிமம் பெற்ற வங்கியில் வைக்கலாம். உரிமம் பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் உள்ள வைப்புகளுக்கு, ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. 2021இல் 6 இலட்சத்திலிருந்து உயர்த்தப்பட்ட தொகை அது. த ஃபினான்ஸ் கம்பனியும் மத்திய வங்கியின் உரிமம் பெற்றதுதான். 2020 மே மாதத்தில் அந்த உரிமம் இரத்துச் செய்யப்பட்டபோது, காப்புறுதி எல்லைக்கு மேல் போட்டிருந்தவர்களே அதிகம் தவித்தார்கள். இன்னொன்று: 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் நிறுத்திவைத்தல் வரி கழிக்கப்படுகிறது. உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் வங்கியில் சுய பிரகடனப் படிவத்தைக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி: வட்டி எங்களுக்கு ஆகாது. வட்டியில்லா வங்கிமுறை என்பது உண்மையில் வேறுபட்டதா, பெயர் மாற்றம் மட்டுமா? (கிண்ணியா வாசகி)

பதில்: சகோதரி, 2005இல் வங்கித் தொழில் சட்டம் திருத்தப்பட்ட பின்னரே இலங்கையில் இம்முறைக்கு முறையான இடம் கிடைத்தது. முழுமையாக இம்முறையில் இயங்கும் அமானா வங்கி 2011இல் தொடங்கியது. வேறு சில வங்கிகள் தனிப் பிரிவு வைத்து நடத்துகின்றன.

முழாரபா வைப்பில் உங்களுக்கு நிச்சயிக்கப்பட்ட வட்டி வீதம் கிடையாது. வங்கி உழைக்கும் இலாபத்தில் உங்களுக்கு எவ்வளவு, வங்கிக்கு எவ்வளவு என்ற பங்கு விகிதம் மட்டுமே முன்கூட்டிப் பேசப்படும். அதனால் ஒரு மாதம் கூடலாம், இன்னொரு மாதம் குறையலாம். கொள்கையளவில் நட்டம் வந்தால் அது மூலதனம் போட்டவருக்கே என்பதையும் அறிந்து வையுங்கள். கடன் கொடுக்கும் பக்கத்தில், முறாபஹா முறைப்படி வங்கி பொருளைத் தான் வாங்கி, இலாபம் சேர்த்து வாடிக்கையாளருக்குத் தவணையில் விற்கிறது. அந்த இலாபத்தைச் சந்தை வட்டியை ஒட்டியே கணக்கிடுகிறார்கள் என்ற விமர்சனம் முஸ்லிம் அறிஞர்களிடையேயே உண்டு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்கும் படுகிறது. ஆயினும் மது, புகையிலை, சூதாட்டம் ஆகிய தொழில்களுக்கு இப்பணம் போவதில்லை என்பது கைக்கெட்டிய வேறுபாடு. அந்தக் காரணத்துக்காகவே இவ்வங்கிமுறையைத் தேடும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருந்தால் அதில் வியப்பில்லை. தனிப் பிரிவு நடத்தும் வங்கிக்குப் போனால், அப்பிரிவின் பணம் பொதுப் பணத்துடன் கலக்காமல் தனியாகக் கணக்கு வைக்கப்படுகிறதா, ஷரீஆ மேற்பார்வைச் சபையில் யார் இருக்கிறார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் பணம் போட்டால் மாதம் 10 வீதம் தருகிறார்கள், இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் மேலதிகமாகவும் கிடைக்கும். சேரலாமா? (மூதூர் வாசகர்)

பதில்: சேராதீர்கள். பின்னால் சேர்பவரின் பணத்தையே முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் பிரமிட் திட்டம் இது. வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவு இத்தகைய திட்டங்களைத் தொடங்குவதை மட்டுமல்லாமல், ஊக்குவிப்பதையும் தடைசெய்கிறது. மச்சானையும் பக்கத்து வீட்டாரையும் சேர்த்துவிடும் நீங்களும் அதில் அகப்படலாம். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிடுகிறது. திருகோணமலையிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது, நேரில் போய் விசாரிக்கலாம்.

கேள்வி: பல்கலைக்கழக மாணவன் நான். சிறு தொகையில் பங்குகள் வாங்க விரும்புகிறேன். சாராயம், சிகரெட் கம்பனிகள் வேண்டாம். சூழலுக்கு நல்லது செய்யும் கம்பனிகள் வேண்டும். (தம்பலகாமம் வாசகர்)

பதில்: தம்பி, வேண்டாதவற்றை ஒதுக்குவது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். சிகரெட் கம்பனியைப் பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம். ஆனால் கொழும்புப் பங்குச் சந்தையில் பெரிய குழுமங்கள் பல உள்ளன. உதாரணமாக மெல்ஸ்டாகோர்ப் பங்கை வாங்கினால், வடிசாலையும் தேயிலைத் தோட்டமும் ஹோட்டலும் காப்புறுதியும் ஒரே கட்டாக வரும். ஒவ்வொரு கம்பனியின் துணைக் கம்பனிகள் எவை என்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பலரின் பணத்தைச் சேர்த்து முதலிடும் யூனிட் டிரஸ்ட்களில், வட்டியையும் மதுவையும் விலக்கி முதலீடு செய்பவையும் உள்ளன. தெரிவுவேலையை அவர்களிடம் விட்டுவிட்டு நீங்கள் படிப்பைக் கவனிக்கலாம்.

“பசுமை” என்ற முத்திரையை மட்டும் நம்பிவிடாதீர்கள். எது பசுமை முதலீடு என்பதற்கு மத்திய வங்கி 2022இல் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. டிஎஃப்சிசி வங்கி 2024இல் நாட்டின் முதலாவது பசுமை முறியை (சூழல் திட்டங்களுக்காகக் கடன் திரட்டும் பத்திரத்தை) சந்தைக்குக் கொண்டுவந்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் உங்கள் மாவட்டத்தையே பாருங்கள். சம்பூரில் வரவிருந்த அனல்மின் நிலையம் மக்களின் எதிர்ப்பாலும் வழக்காலும் 2016இல் கைவிடப்பட்டு, அதற்குப் பதிலாகச் சூரிய மின்திட்டம் வந்தபோது எல்லோரும் மகிழ்ந்தோம். அதே சூரிய மின்சாரத்துக்காகத் தாங்கள் செய்துவந்த வயல் நிலங்கள் கொடுக்கப்பட்டதை எதிர்த்து முத்துநகர் விவசாயிகள் 2025இல் போராடினார்கள். நிலக்கரிப் புகை இல்லைத்தான். ஆனால் அந்த வயலை உழுதவர் எங்கே போவார்? மின்திட்டக் கம்பனி ஒன்றின் பங்கை வாங்குமுன், அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதையும் தேடிப் பாருங்கள்.

கேள்வி: நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரக் காணி ஒன்று மலிவாக வருகிறது. வாங்கிப் போட்டால் பிற்காலத்தில் நல்ல விலை போகும் என்கிறார் தரகர். சொந்த மண்ணில் முதலிடுவது நல்ல காரியம்தானே? (ரொறன்ரோ வாசகர்)

பதில்: ஐயா, மலிவாக வருகிறது என்பதே முதலில் விசாரிக்க வேண்டிய விடயம். இந்தக் கரையில் பல காணிகளின் உரித்தாளர்கள் போரில் இடம்பெயர்ந்து, சிலர் இந்தியாவுக்கும் சிலர் உங்களைப் போல் வெளிநாடுகளுக்கும் போனவர்கள். அவர்கள் இல்லாத காலத்தில் வேறொருவர் குடியிருந்து, ஆட்சியுரிமை (நீண்டகாலம் ஆண்டதால் வரும் உரிமை) கோரி, கைமாற்றிய காணிகள் உண்டு. அப்படி இடம்பெயர்ந்தவர்கள் தமது காணியை மீளக் கேட்க வழிசெய்வதற்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் தனியாகக் கொண்டுவரப்பட்டது. 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதே அதன் சாரம். சிக்கல் எவ்வளவு பரவலானது என்பதற்கு அந்தச் சட்டமே போதிய சான்று.

இன்னும் சில காணிகள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. அவற்றைப் பிரதேச செயலாளரின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. தரகர் காட்டும் வெள்ளைத்தாள் உடன்படிக்கைக்குப் பெறுமதி இல்லை.

உங்கள் உறவினர் ஒருவரைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பித் தோம்பை (காணியின் உரித்துப் பதிவேட்டை) பார்க்கச் சொல்லுங்கள். கிராம உத்தியோகத்தரிடமும், அயலில் 1980களிலிருந்து இருப்பவர்களிடமும், அந்த வளவில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரு குடும்பத்தின் பெயர் வந்தால் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேசிய பிறகே முற்பணம் கொடுங்கள். அவர்கள் விற்கச் சம்மதித்தால் தரகர் சொன்ன விலையைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டி வரலாம். அதுதான் அந்தக் காணியின் உண்மையான விலை. வாங்கிய பிறகும் வேலியடைத்து வெறுமனே விடாமல், அவ்விடத்தில் கரைவலை இழுப்பவர்கள் கடலுக்குப் போய்வரும் பாதையைத் திறந்து வையுங்கள்.