பயிற்சிப் பாய்க்கப்பலில் 'வாட்ச்' என்றால் என்ன? மாலையில் மட்டும் அது ஏன் 2 மணி நேரம்?

வாட்ச் என்பது கப்பலை முறைவைத்துப் பார்த்துக்கொள்வது. பயிற்சி பெறும் பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரிப்பார்கள். ஒரு குழு 4 மணி நேரம் சுக்கான், முன்காவல், பாய்க்கயிறு பார்க்கும்; மற்றவர்கள் சாப்பிடுவார்கள், உறங்குவார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாயிலேயே போனது. அப்படியான ஓட்டத்தில் இருட்டிவிட்டதென்று நடுக்கடலில் நிறுத்த முடியாது. காற்றுத் திரும்பினால் உடனே பாயைத் திருப்ப ஆள் வேண்டும்.

ஒரு நாளில் 4 மணி நேர முறைகள் 6. மூன்று குழுவுக்கும் அது மிச்சமின்றிப் பிரியும், சிக்கலே அதுதான். நள்ளிரவு 12 முதல் 4 வரை நிற்கும் குழு தினமும் அதே நேரத்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் மாலை 4 முதல் 8 வரையான முறையை இரண்டாக உடைக்கிறார்கள். முறைகள் 7 ஆகும், நேரம் தினமும் நகரும். பங்குக் கிணற்றில் ஒருவருக்கே என்றும் சாமத்து இறைப்பு விழாமல் முறை மாற்றுவது போலத்தான்.

கைமாற்றும் நேரம்தான் கவனம் தேவைப்படும் இடம். இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்; முன்கூட்டியே எழுப்பி, சிவப்பு விளக்கில் உடுத்தச் சொல்வது அதற்காகவே. சுக்கானை விடுபவர் திசைப் பாகையைச் சொல்ல, ஏற்பவர் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். தவறிக் கேட்டால் கப்பல் காற்றுக்குள் திரும்பி, பாய் பின்புறமாக அடிக்கும்.

இரவு வாட்ச் தண்டனை அல்ல. எல்லாக் குழுவுக்கும் வரும், அனுபவமுள்ள அதிகாரியும் கூடவே நிற்பார்.